தொண்ணூறுக்குள்ள ஏன் டீச்சர் நூறு இருக்கு?

"நான் எப்ப டீச்சர் உள்ள போவேன்?"

கோரைப்பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். கேட்டவள் நான்காம் வகுப்புப் பிள்ளை. சாப்பாட்டு மணி அடிக்கிற நேரம், தட்டு எடுக்கத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, "இப்பவே போ" என்றேன். அவள் நகரவில்லை. "இப்ப இல்ல டீச்சர். எப்பவும்" என்றாள்.

அந்தப் பாய் வகுப்பறைக்கு வெளியே வராந்தாவில் விழ ஆரம்பித்து அன்றைக்கு நான்கு மாதம். பிள்ளைகள் அதற்கு 'பாய் குரூப்பு' என்று பெயரே வைத்துவிட்டார்கள். மற்றவர்கள் சண்டை போடும்போது, "நீ பாய்ல போய் உக்காரு" என்பது ஒரு வசவாகிவிட்டிருந்தது. எனக்கு இது காதில் விழாமல் இல்லை. விழுந்ததை எடுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

நான் சிறப்புப் பயிற்றுநர், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருகிறவள். வட்டார வள மையத்திலிருந்து வாரத்துக்கு நான்கு பள்ளிகளுக்குப் போகிறேன். மேலூர்ப் பக்கத்தில் உள்ள இந்தத் தொடக்கப் பள்ளிக்குச் செவ்வாயும் வியாழனும் என் முறை. மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகள் ஒரே அறையில். 31 பிள்ளைகள், ஒரே டீச்சர். அதில் என் கணக்கில் வருகிறவர்கள் நான்கு பேர். என் கணக்கில் என்றால், கையில் சான்றிதழ் இருப்பவர்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. குறைபாடு 40 சதவீதமாவது இருக்கிறது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தால்தான் உதவித்தொகையும் சலுகையும். நான் அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு வகுப்புக்குள் போய், பெயர் வாசித்து, நான்கு பேரையும் வெளியே கூட்டிவந்து உட்காரவைத்தேன். ஐந்தாவதாக இந்தப் பிள்ளை. சான்றிதழ் ஏதும் கிடையாது. கணக்கு வரவில்லை என்று வகுப்பு டீச்சர் சேர்த்துவிட்டது.

பெயர்களை எழுதப் போவதில்லை. சின்ன ஊர், யாரென்று தெரிந்துவிடும். ஒருவன் பஸ்காரன்: மூன்றாம் வகுப்பு, ஆட்டிசம், ஊருக்குள் வந்துபோகிற அத்தனை பஸ்ஸின் எண்ணும் நேரமும் மனப்பாடம். ஒருத்தி தட்டுக்காரி: டவுன் சிண்ட்ரோம், மதியம் எல்லோருக்கும் தட்டு எடுத்துக் கொடுப்பது அவள் உரிமை, வேறு யாரும் தொட முடியாது. ஒருவன் ஐந்தாம் வகுப்பு, மூளை முடக்குவாதம், பேச்சு குழறும், கை நினைத்த இடத்துக்குப் போகாது. அவனைப் பெரியவன் என்பேன். இன்னொருவனுக்குப் பார்வை மங்கல், கறுப்பு மையில் பெரிதாக எழுதிக் கொடுத்தால் வாசித்துவிடுவான். ஐந்தாவது, "எப்பவும்" என்று கேட்டவள். அவளைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும்.

இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. ஐந்து பேருக்கும் ஐந்து விதமான சிரமம். ஐந்து பேருக்கும் நான் வைத்தது ஒரே பாடம்: ஒன்றிலிருந்து இருபது வரை புளியங்கொட்டையை எண்ணுவது. அவரவர் குறைபாட்டைப் பற்றி எனக்கு நாலு பக்கம் எழுதத் தெரியும். அவர்களில் ஒருவராவது கணக்கில் எந்த இடத்தில் தடுக்கி விழுகிறார் என்று கேட்டால் ஒரு வரி எழுதியிருக்க மாட்டேன்.

அந்த வாரம் பாயை விரிக்கவில்லை. வகுப்பு டீச்சரிடம் போய், "ரெண்டு வாரம் குடுங்க டீச்சர், 31 பேரையும் தனித்தனியாப் பத்து நிமிஷம் பார்க்கணும்" என்றேன். அவர் 22 வருட அனுபவக்காரர். "நல்லா இருக்கிற பிள்ளைகளை எதுக்கும்மா பார்க்கணும்?" என்று கேட்டார். பிறகு, "சரி, பாருங்க" என்றார்.

நான்கே கேள்விகள் வைத்துக்கொண்டேன். ஒன்று, குவியலிலிருந்து ஏழு மூடி எடுத்துக் கொடு. இரண்டு, ஆறு மூடியைக் காட்டிவிட்டு என் கையால் சிலவற்றை மூடிக்கொள்வேன், மறைந்தது எத்தனை? மூன்று, நான் சொல்கிற எண்ணை எழுது: நாற்பது, எழுபத்தாறு, தொண்ணூற்று மூன்று, நூற்று ஏழு. நான்கு, பத்து ரூபாய் கொடுத்து ஏழு ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் மீதி என்ன, எப்படிக் கண்டுபிடித்தாய்? இந்த 'எப்படி'தான் முக்கியம். விடை சரியா தப்பா என்பதைவிட, சொல்லும்போது கண் எங்கே போகிறது, விரல் மேசைக்கு அடியில் என்ன செய்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டேன்.

வந்த முடிவு என்னைக் கவிழ்த்துப் போட்டது. சான்றிதழே இல்லாத ஒன்பது பிள்ளைகள் இரண்டாம் கேள்வியில் நின்றார்கள். வகுப்பில் முதல் மதிப்பெண் எடுக்கிற பையன் அதில் ஒருவன். எல்லாவற்றையும் ஒன்றிலிருந்து எண்ணித்தான் கண்டுபிடிக்கிறான், ஆனால் மின்னல் வேகத்தில் எண்ணுவதால் இத்தனை நாள் யாருக்கும் தெரியவில்லை. ஆறு பேர் தொண்ணூற்று மூன்றில் தடுக்கினார்கள். பெரியவன் நான்கையும் சரியாகச் சொன்னான். கையால் மூடியைத் தள்ளி, விரலால் எண்ணைக் காட்டி, நெடுநேரம் எடுத்து, ஆனால் நான்கையும். நான்கு மாதமாக அவனைத்தான் நான் இருபது வரை எண்ணவைத்துக்கொண்டிருந்தேன். அவனும் பொறுமையாக எண்ணிக்கொண்டிருந்தான், பாவம்.

அதற்குப் பிறகு எங்கள் குழுக்களுக்கு அடையாளம் பிள்ளை அல்ல, தடுக்கும் இடம். 'மறைத்தது எத்தனை' குழு, 'தொண்ணூறு' குழு, 'சில்லறை' குழு. நான்கு பேர், மிஞ்சினால் ஐந்து. இரண்டு வாரம்தான் ஒரு குழுவுக்கு ஆயுள், பிறகு கலைத்துவிடுவோம். பாய் வராந்தாவிலிருந்து வகுப்புக்குள் கரும்பலகைக்குப் பக்கவாட்டுச் சுவரோரம் வந்தது. முதல் மதிப்பெண் பையனும் வந்து உட்கார்ந்தான். அவன் உட்கார்ந்த அன்றே 'பாய் குரூப்பு' என்ற வசவு செத்தது. நான் ஒரு வார்த்தை புத்திமதி சொல்லவில்லை.

நம் பள்ளிகளில் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-இல் வந்ததிலிருந்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிப்பது எல்லோருக்கும் பழகிவிட்டது. நான் அதைக் குறை சொல்லவில்லை; பல பள்ளிகளில் பிள்ளைகள் கையில் பொருள் வந்ததே அதனால்தான். ஆனால் நிலை என்பது பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று சொல்லும். அங்கே ஏன் நின்றது என்று சொல்லாது. அரும்பில் இருக்கும் இரண்டு பேர் ஒரே காரணத்துக்காக அரும்பில் இருப்பதில்லை.

பஸ்காரனை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றிலிருந்து முந்நூறு வரை மூச்சு விடாமல் சொல்வான். வந்த பெரிய மனிதர்களிடம் எல்லாம் இதைச் சொல்லிக்காட்டிப் பெருமைப்பட்டிருக்கிறோம். "ஏழு மூடி குடுடா" என்றால் கை கொள்ளுமளவு அள்ளிக் கொடுத்தான். எண்ணச் சொன்னால், "ஒன்று, இரண்டு" என்று சரியாகத் தொட்டு, ஏழில் நிற்காமல் குவியல் தீரும்வரை போனான். எண் சொல்லத் தெரியும், எண்ணத் தெரியாது. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தக் குவியலின் அளவு என்பது அவனுக்குள் இன்னும் விழவில்லை. அவனுக்கு ஏழு என்பது ஆறுக்குப் பிறகு வருகிற ஊர். எட்டுக்கு முன்னால் வருகிற ஊர். பஸ் அங்கே நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

இதற்கு உதவியது பல்லாங்குழி. என் அம்மாவுடையது, மரப்பலகை, 14 குழி. ஆடத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்: குழியில் நான்கு சேர்ந்துவிட்டால் அது 'பசு', குழிக்குச் சொந்தக்காரர் எடுத்துக்கொள்ளலாம். எண்ணிப் பார்த்து எடுப்பதற்குள் ஆட்டம் நகர்ந்துவிடும், ஆகவே நான்கைப் பார்த்தவுடனே கண் பிடிக்க வேண்டும். பஸ்காரன் மூன்றாம் நாளே, "பசு!" என்று கத்தினான். எண்ணவில்லை, பார்த்தான். நான்கு என்பது ஒரு சேர்ந்த பொருளாக அவன் கண்ணில் பட்டது அப்போதுதான். அங்கிருந்து ஐந்துக்குப் போனோம்: ஒரு பசுவும் ஒரு கொட்டையும். ஏழு: ஒரு பசு, மூன்று கொட்டை. மூன்று வாரம் கழித்து, "ஏழு குடுடா" என்றபோது நான்கை ஒரு கையாலும் மூன்றை ஒரு கையாலும் நகர்த்தினான். நகர்த்திவிட்டு நிறுத்தினான். அந்த நிறுத்தம்தான் எனக்கு வேண்டியது.

கொட்டை பற்றி ஒரு எச்சரிக்கை. பார்க்க அழகாக இருக்கிறது என்று குன்றிமணியைக் கணக்குப் பொருளாக வைத்திருக்கும் வகுப்புகளைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். அது விஷம், மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. எதையும் வாயில் போட்டுப் பார்க்கிற பிள்ளை குழுவில் இருந்தால் புளியங்கொட்டைகூட வேண்டாம், விழுங்க முடியாத அளவுக்குப் பெரிய டப்பா மூடிகள் போதும். பெரியவன் மாதிரிக் கை நடுங்கும் பிள்ளைக்கும் பெரிய மூடிதான் வசதி.

தட்டுக்காரிக்கு வேறு வழி. அவளுக்குக் காதால் கேட்டது நிற்காது. "ஐந்தும் மூன்றும்" என்று சொல்லி முடிப்பதற்குள் ஐந்து போய்விடும். கண்ணால் பார்த்தது நிற்கும். டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகள் பலரிடம் இதைப் பார்க்கலாம். ஆகவே சொல்வதைக் குறைத்துக் காட்டுவதைக் கூட்டினேன். சத்துணவுக்கு முட்டை வரும் அட்டைத் தட்டு இருக்கிறதல்லவா, அதில் 30 குழி, வரிசைக்கு ஐந்தாக ஆறு வரிசை. இரண்டு இரண்டு வரிசையாக வெட்டினால் பத்துக் குழித் தட்டு மூன்று கிடைக்கும். காசு கொடுத்து வாங்குகிற பத்துச் சட்டகத்துக்கு (ஐந்தைந்தாக இரண்டு வரிசைக் கட்டம்) இது எந்த விதத்திலும் குறைந்ததில்லை. முட்டை உடைந்து ஒழுகாத தட்டாகப் பார்த்து எடுத்து, இரண்டு நாள் வெயிலில் காயவைத்துக்கொள்ளுங்கள். ஐந்து குழி நிறைந்து மேல் வரிசை முடிந்தது, கீழே மூன்று, காலி இரண்டு. எட்டு என்பது எப்படி இருக்கும் என்று அவளுக்கு ஒரு முகம் கிடைத்தது. பத்துக்கு எத்தனை குறைகிறது என்பதை நான் சொல்லித்தரவே இல்லை. காலிக் குழியைத் தொட்டு அவளே, "ரெண்டு பேரு வரல" என்றாள். வருகைப் பதிவேட்டு பாஷை. அதையே எங்கள் கழித்தல் பாஷையாக வைத்துக்கொண்டோம்.

இனி அந்த நான்காம் வகுப்புப் பிள்ளை. அவள் நோட்டில் 93 வர வேண்டிய இடத்தில் எல்லாம் 103. தொண்ணூற்று ஆறு என்றால் 106. எண்பத்தொன்பதுக்குப் பிறகு என்ன என்றால் நூறு என்பாள். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் 'கவனக் குறைவு' என்று எழுதியிருக்கிறது. அதில் மூன்று இடத்தில் இருப்பது என் கையெழுத்து.

நான்கு கேள்விப் பத்து நிமிடத்தில் அவள் 103 என்று எழுதியவுடன் சிவப்புப் பேனாவை எடுக்காமல், "இதை வாசி" என்றேன். "தொண்ணூத்தி மூணு" என்று வாசித்தாள். "எப்படித் தெரிஞ்சுச்சு?" அவள் 1-ஐயும் பூஜ்யத்தையும் தொட்டுக் காட்டி, "இதோ நூத்தி, இதோ மூணு" என்றாள். பிறகு என்னையே பார்த்துக்கொண்டு கேட்டாள்: "தொண்ணூறுக்குள்ள ஏன் டீச்சர் நூறு இருக்கு?"

பதில் சொல்ல வாய் திறந்து மூடிக்கொண்டேன். இருக்கிறதே! இருபது, முப்பது, நாற்பது, எண்பது வரை எல்லாவற்றின் வாலிலும் பத்து இருக்கிறது. தொண்ணூறில் மட்டும் நூறு. அவளுடைய காது தப்பாகக் கேட்கவில்லை, மிகச் சரியாகக் கேட்டிருக்கிறது. எழுநூறு, எண்ணூறு, தொண்ணூறு என்று வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். தெரியாதவன் காதுக்கு மூன்றும் ஒரே தெருதான். அன்று ராத்திரி யோசித்துப் பார்த்தபோது இன்னொன்றும் பிடிபட்டது. ஒன்பது என்ற சொல்லின் வாலில் பத்து மாதிரி ஒரு 'பது'. தொண்ணூறின் வாலில் நூறு. தொள்ளாயிரத்தின் வாலில் ஆயிரம். ஒன்பது எங்கே போனாலும் அடுத்த வீட்டுப் பெயரைத்தான் வைத்துக்கொள்கிறது. ஒன்பதும் பத்தும் சேர்ந்து தொண்ணூறு ஆவதற்கும், ஒன்பதும் நூறும் சேர்ந்து தொள்ளாயிரம் ஆவதற்கும் நன்னூலில் புணர்ச்சி விதியே இருக்கிறது. கல்லூரியில் அதை ஒப்பித்து மதிப்பெண் வாங்கியவள் நான். ஒரு பிள்ளை அந்த விதியில் விழுந்து கிடப்பது தெரியாமல் கவனக் குறைவு என்று எழுதியிருக்கிறேன்.

தமிழ் எண்ணுப்பெயர்கள் பொதுவாகப் பிள்ளைகளுக்குச் சாதகமானவை. பதின்மூன்று என்றாலே உள்ளே பத்தும் மூன்றும் கேட்கிறது. ஆங்கில வழிப் பிள்ளைகள் 'தேர்ட்டீன்', 'தேர்ட்டி' என்று குழம்புவது நமக்கு இல்லை. அந்தச் சாதகம் தொண்ணூறில் கைவிரிக்கிறது. நடுத்தரப் பிள்ளை எப்படியோ இதைத் தாண்டிவிடும். சொல்லின் ஓசையை மட்டுமே பிடித்துக்கொண்டு எழுதுகிற பிள்ளை அங்கேயே நின்றுவிடும்.

தொண்ணூறு குழுவில் ஆறு பேர் சேர்ந்தார்கள், இரண்டாகப் பிரித்தேன். முதல் வாரம் தொண்ணூறு என்ற சொல்லுக்கே தடை. ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினோம். அவர்களே கட்ட வேண்டும். நான் கட்டிக்கொண்டு போன நாளில் அது வெறும் கட்டு, அவர்கள் கட்டிய நாளில்தான் அது பத்து. ஒன்பது கட்டு, மூன்று உதிரி. சொல்ல வேண்டியது, "ஒன்பது பத்து, மூணு." எண்பத்திரண்டு என்றால், "எட்டுப் பத்து, ரெண்டு." பிறகு அடுக்கு அட்டை: 90 என்று எழுதிய நீள அட்டையின் பூஜ்யத்தின் மேல் 3 என்ற குட்டை அட்டையை வைத்தால் 93. தூக்கினால் அடியில் பூஜ்யம் இருக்கும். பார்வை மங்கலான பையன் இந்தக் குழுவில் இருந்ததால் அட்டையின் எண்களை நூல் ஒட்டி மேடாக்கினேன். மற்றவர்களும் கண்ணை மூடித் தடவிப் பார்த்து விளையாட ஆரம்பித்தார்கள். ஒருவனுக்காகச் செய்தது எல்லோருக்கும் பொருளாகிவிட்டது. இரண்டாம் வாரம்தான் பெயரை உள்ளே விட்டேன். "ஒன்பது பத்துக்கு ஊர் வச்ச பேரு தொண்ணூறு. நூறு மாதிரி வேஷம் போட்டிருக்கு. கட்டை எண்ணினா வேஷம் கலைஞ்சிரும்." இந்த வேஷக் கதை அவளுக்குப் பிடித்துப்போனது. தொள்ளாயிரத்தையும் அவளே கண்டுபிடித்து, "அதுவும் வேஷக்காரன் டீச்சர்" என்றாள்.

இங்கே நான் செய்த இன்னொரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1966-இல் எழுதியது பி.எட். படித்த எல்லோருக்கும் தெரியும்: கையால் செய்வது, படமாகப் பார்ப்பது, குறியாக எழுதுவது. நான் அதைப் படிக்கட்டு என்று நினைத்துக்கொண்டேன். எழுத ஆரம்பித்துவிட்டால் குச்சியைப் பிடுங்கிவிடுவேன். இன்னும் குச்சி வேண்டுமா என்று ஒரு பார்வை வேறு. மூன்றாம் வாரம் அவள் மறுபடி 103 எழுதினாள். இப்போதெல்லாம் குச்சி, படம், எண் மூன்றும் ஒன்றாகப் பாயில் கிடக்கும். எழுதிவிட்டுச் சந்தேகம் வந்தால் குச்சியைத் தொட்டுக்கொள்ளலாம். யார் எப்போது தொடுவதை நிறுத்துகிறார்கள் என்பது அவர்கள் பாடு.

கழித்தலில் கடன் வாங்குவது. பாடப்புத்தகம் இனமாற்றம் என்கிறது, நாம் எல்லோரும் கடன் என்றே படித்தோம். 52-இல் 17-ஐக் கழிக்க, இரண்டிலிருந்து ஏழு போகாது, பக்கத்து வீட்டில் கடன் வாங்கு. செங்கல் சூளைக்குப் போகிற குடும்பத்துப் பையன் ஒருவன் கேட்டான்: "எப்ப டீச்சர் திருப்பிக் குடுக்கும்?" சூளையில் முன்பணம் வாங்கி வருடம் பூரா அடைக்கிற வீடு. அவனுக்குக் கடன் என்றால் என்னவென்று என்னைவிட நன்றாகத் தெரியும். திருப்பித் தராத கடனை அவனால் நம்ப முடியவில்லை. கணக்கும் அவன் பக்கம்தான்: அங்கே யாரும் கடன் வாங்குவதில்லை, மதிப்பு எங்கும் போவதில்லை. ஒரு பத்து உடைந்து பத்து ஒன்றாகிறது, அவ்வளவுதான். அன்றோடு கடனை விட்டுவிட்டுச் சில்லறை மாற்றுவதாகச் சொல்ல ஆரம்பித்தேன். ஐந்து பத்து ரூபாய்த் தாள், இரண்டு ஒரு ரூபாய்க் காசு. பதினேழு ரூபாய் கொடுக்க வேண்டும். கையில் ஏழு காசு இல்லை. ஒரு தாளைச் சில்லறையாக்கு. இதற்கு விளக்கமே தேவைப்படவில்லை.

பத்து ரூபாய் நாணயத்தையும் ஒரு நாள் கொண்டுபோனேன். "இது செல்லாது டீச்சர்" என்று குழு மொத்தமும் ஒதுக்கிவிட்டது. 14 வடிவங்களில் வந்திருக்கிறது, எல்லாமே செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-லேயே சொன்னதைச் சொன்னேன். "எங்க ஊர் கடைக்காரர் வாங்க மாட்டாரு" என்று பதில் வந்தது. பொருளாதாரப் பாடம் அங்கேயே முடிந்தது, தாளுக்கே திரும்பினோம். தட்டுக்காரியின் அம்மா எனக்கு முதலிலேயே சொல்லியிருந்தார்: "பெருக்கல் எல்லாம் வேணாம் டீச்சர். நாளைக்குக் கடையில மீதிச் சில்லறை வாங்குறப்ப ஏமாறாம இருந்தாப் போதும்." குறைவாகக் கேட்கிறார் என்று அப்போது நினைத்தேன். வாராவாரம் காசை வைத்து உட்கார்ந்தபின், அதற்குள் எத்தனை கணக்கு இருக்கிறது என்று தெரிகிறது. பெருக்கலையும் விடவில்லை, முட்டைத் தட்டில் வரிசைக்கு ஐந்தாக எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

பெரியவனுக்கு நான் செய்தது மிகச் சின்ன விஷயம். மூன்று அட்டை. விடைகள் மூன்றை எழுதி, ஒன்றுக்கொன்று ஒரு சாண் இடைவெளி விட்டு அவன் முன்னால் வைப்பது. கையை நீட்டித் தொடலாம், முடியாவிட்டால் பார்த்தாலே போதும். மூன்றில் ஒன்று 'இதில் எதுவும் இல்லை' என்ற அட்டையாக அவ்வப்போது இருக்கும். இல்லாவிட்டால் ஊகித்துத் தப்பிக்கலாம். அவன் அதைத் தொடும்போது ஒரு சிரிப்பு வரும், என்னை மாட்டிவிட்ட சிரிப்பு. பிறகு காத்திருப்பது. நான் கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து எண்ணுவேன். பத்து என்பது எவ்வளவு நீளம் என்று வகுப்பில் நின்று எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். அதற்குள் நாம் கேள்வியை வேறு வார்த்தையில் திருப்பிக் கேட்டுவிடுகிறோம். உதவி என்று நினைக்கிறோம். அவனுக்கு அது இரண்டாவது கேள்வி, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் பிள்ளைகள் விடையைச் சொல்லிவிடாமல் இருக்க, "வாய்க்குப் பூட்டு, சாவி அவன்கிட்ட" என்று ஒரு ஏற்பாடு. அவன் தொட்ட பிறகுதான் மற்றவர்கள் வாய் திறக்கலாம். பஸ்காரன் அந்தப் பத்தையும் சத்தமாக எண்ணித் தொலைப்பான். அதை மட்டும் நிறுத்த முடியவில்லை.

பாயில் ஐந்து பேர் இருந்தால் மீதி 26 பேர் என்ன செய்வார்கள் என்பதுதான் மற்ற பயிற்றுநர்கள் முதலில் கேட்பது. நியாயமான கேள்வி. எங்கள் ஏற்பாடு 20 நிமிடம். வகுப்பு டீச்சர் அந்த 20 நிமிடத்தில் புதுப் பாடம் நடத்த மாட்டார். பாய்க்கு வந்த பிள்ளை எதையும் இழக்கக் கூடாது. மற்றவர்கள் ஜோடியாகத் தாயக்கட்டை உருட்டிக் கூட்டுவது, கடை விளையாட்டு, ஏற்கெனவே தெரிந்ததில் நான்கே நான்கு கணக்கு. சத்தம் இருக்கும். பஸ்காரனுக்குச் சத்தம் ஆகாது என்பதால் அவன் சுவரைப் பார்த்த மாதிரி மூலையில் உட்காருவான், மணி அடிப்பதற்கு ஒரு நிமிடம் முன்னால் அவனிடம் சொல்லிவிடுவோம்.

நான் வராத மூன்று நாள்தான் உண்மையான சிக்கல். முதலில் டீச்சருக்கு இரண்டு பக்கத் திட்டம் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை மரியாதையாக மடித்து மேசை இழுப்பறையில் வைத்தார். இப்போது அஞ்சலட்டை அளவில் ஒரு துண்டுக் காகிதம், இரண்டு வரி: "தொண்ணூறு குழு: தினம் மூன்று எண், கட்டு எடுத்துக் காட்டச் சொல்லவும். தப்பினால் திருத்த வேண்டாம், எழுதியதை வாசிக்கச் சொல்லவும்." அதை வருகைப் பதிவேட்டுக்குள் சொருகிவிடுவேன். பதிவேடு தினமும் திறந்துதானே ஆக வேண்டும். ஒரு வியாழக்கிழமை பார்த்தால் என் துண்டின் பின்பக்கம் அவர் எழுதியிருந்தார்: "ஐந்தாம் வகுப்பில் இன்னும் இரண்டு பேர் 103 எழுதுகிறார்கள். அவர்களும் கட்டுக் கட்டுகிறார்கள்."

உதவாதவையும் உண்டு. செல்போன் கணக்கு விளையாட்டு: பஸ்காரன் தப்பான விடைக்கு வரும் சத்தத்துக்காகவே தப்பாக அழுத்தினான். நட்சத்திர ஒட்டி: அழுகையில் முடிந்தது. மணலில் எழுதுவது நல்லதுதான், ஆனால் சிந்திய மணலைக் கூட்டுவது நான்.

பெரியவன் ஐந்து முடித்து இந்த ஜூனில் ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டான். வேறு பள்ளி, வேறு ஆசிரியர்கள், என் எல்லைக்குள் இல்லாத ஊர். மாற்றுச் சான்றிதழோடு ஒரு பக்கம் எழுதி வைத்து அனுப்பினேன். அவனுடைய குறைபாட்டைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை, அது சான்றிதழில் இருக்கிறது. மூன்று அட்டை வையுங்கள், ஒரு சாண் இடைவெளி. கேட்டுவிட்டுப் பத்து எண்ணுங்கள். மூன்று இலக்கக் கழித்தல் வரை தெரியும், ஒன்றிலிருந்து ஆரம்பிக்காதீர்கள்.

ஜூலையில் போன் செய்து கேட்டேன். "பேப்பர் பத்திரமா பீரோவுல இருக்கு மேடம்" என்றார்கள். பையன் எப்படி இருக்கிறான் என்றதற்கு, "சமத்துங்க, ஒரு தொந்தரவும் கிடையாது. ஒண்ணு ரெண்டு எண்ணச் சொல்லிக் குடுத்துட்டு இருக்கோம்" என்றார்கள்.

அடுத்த வாரம் ஒரு நாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். மூன்று அட்டையையும் பையில் எடுத்து வைத்தாயிற்று.